இருபத்தேழு மணி நேர ரேடியோவும் அண்ணையோட பாண்டா காரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. தீசிஸ் எழுதுறேன்னு சொல்லிட்டு ஜன்னல் வழியா கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்ளோதான். இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஒரு கார். என்னோடது இல்லீங்க (நமக்கு பஸ் பாஸே பெருசு). எங்க தெருவுல இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணையோடது.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: நான் குடியிருக்கறது பலெர்மோ நகரத்துல கால்சாங்குற பகுதி. பத்தாம் நூற்றாண்டுல அரபு அமீர் இருந்த கோட்டைப்பகுதி, 'அல் காலிசா'ன்னு பேரு, அதுதான் தேய்ஞ்சு கால்சா ஆச்சு. 1943-ல நேச நாடுகள் போட்ட குண்டுல பாதி இடிஞ்சது. மஜோனே சதுக்கத்துல இப்ப பசங்க பந்து விளையாடுற புல்வெளி இருக்கே, அது பூங்காவா திட்டம் போட்டு அமைச்சதில்ல. அங்க இருந்த வீடுங்க போனதால வந்த வெட்டவெளி. பலெர்மோவுல ஈழத்தமிழர் ஆயிரக்கணக்குல இருக்காங்க. வருஷக்கணக்கா இங்க வீட்டு வேலை, சமையல்னு உழைச்சு ஊரையே தெரிஞ்சு வச்சிருக்குறவங்க. நான் வந்த முதல் வாரம் எனக்குச் சோறு போட்டதும் இந்த அண்ணை வீடுதான்.

அண்ணை போன மாசம் செகண்ட் ஹேண்டுல ஒரு ஃபியட் பாண்டா எடுத்தார். 2021 மாடல். சாவியைக் கையில வாங்கின அன்னிக்கே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. இதுக்க டி.ஏ.பி. எண்டு ஒண்டு கிடக்குது. அமத்தினா நூறு ஸ்டேஷன் வருது. ஆனா நான் கேக்குற ஸ்டேஷனைக் காணேல்ல. என்னண்டு பாரும்."

பாத்தேன். டிஜிட்டல் ரேடியோ. ரோம், மிலான்ல இருந்து வர்ற பெரிய ஸ்டேஷனெல்லாம் அகர வரிசையில பளிச்சுன்னு நிக்குது. அண்ணை பத்து வருஷமா சமையல் வேலையில கேட்டுப் பழகின உள்ளூர் ஸ்டேஷன் அதுல இல்ல. எஃப்.எம். பட்டன் எங்கன்னு தேடினா ரெண்டு திரை தள்ளி உள்ள ஒளிஞ்சிருக்கு. அங்க போனா அது இருக்கு, எப்பவும்போல கரகரன்னு.

"ஏன் இதை மட்டும் விட்டுட்டாங்க?"ன்னு அவர் கேட்டதுக்கு அப்ப பதில் தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் ஒரு வேலையா பார்த்தினிகோ போறேன்னதும் நானும் ஏறிக்கிட்டேன். ஏன்னா பார்த்தினிகோன்னா எனக்கு ரேடியோதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த டி.ஏ.பி. எப்படி காருக்குள்ள வந்துச்சுன்னு பாத்துடுவோம். இதைக் கேட்டு வாங்கினவங்க ரொம்பக் கம்மி. சட்டம் போட்டு ஏத்துனாங்க. 2017 டிசம்பர்ல இத்தாலி நிறைவேத்துன பட்ஜெட் சட்டத்துலயே ஒரு ஓரமா எழுதிட்டாங்க: 2020 ஜனவரி 1-லேர்ந்து வாடிக்கையாளருக்கு விக்கிற ரேடியோ டிஜிட்டலையும் வாங்கணும்னு. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தோட 2018 தகவல்தொடர்பு விதித்தொகுப்பு. அதன்படி 2020 டிசம்பர் 21-லேர்ந்து புதுக் கார்ல ரேடியோ இருந்தா அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் எடுக்கணும். ரேடியோவே இல்லாத கார் விக்கலாம், தப்பில்ல. இருந்தா இது இருக்கணும். அண்ணையோட 2021 பாண்டாவுல அது இருக்குற ரகசியம் இதுதான்.

இந்தத் தொழில்நுட்பமே காருக்காகப் பொறந்ததுன்னு சொன்னா நம்புவீங்களா? எண்பதுகள்ல ஐரோப்பாவுல யுரேகா 147-னு ஒரு கூட்டுத் திட்டம். அவங்க தலைவலியே ஓடுற வண்டிதான். வீட்டுல எஃப்.எம். ஏரியலைத் திருப்பி வச்சா போதும். கார்ல போறப்ப ஒரே சிக்னல் நேரா ஒரு தடவை, மலையில பட்டு ஒரு தடவை, கட்டடத்துல பட்டு ஒரு தடவைன்னு முன்னப்பின்ன வந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அந்தக் கரகரப்பு அதுதான். இவங்க என்ன பண்ணாங்கன்னா, ஒரே அலையில வேகமா கொட்டுறதுக்குப் பதிலா 1,536 சின்ன அலைகள்ல பிரிச்சு, ஒவ்வொண்ணையும் நிதானமா அனுப்பினாங்க. நடுவுல 246 மைக்ரோசெகண்ட் சும்மா விட்டாங்க. எதிரொலி அந்த இடைவெளிக்குள்ள வந்து சேர்ந்துட்டா சண்டை கிடையாது, உதவிதான். அந்த நேரத்துல ரேடியோ அலை 70 கிலோமீட்டருக்கு மேல ஓடிடும். அதனால பக்கத்துப் பக்கத்து டவரெல்லாம் ஒரே அலைவரிசையில ஒலிபரப்பலாம். ஊர் தாண்டும்போது ஸ்டேஷனை மாத்தி மாத்தித் திருக வேணாம்.

இத்தாலிக்காரன் இதோட சின்ன வடிவத்தை முன்னாடியே பாத்துட்டான். 1989-ல ஆரம்பிச்ச இசோரேடியோ, நெடுஞ்சாலையில எங்க போனாலும் 103.3-லயே வர்ற போக்குவரத்து ரேடியோ. சுரங்கப்பாதைக்குள்ளயும் கேக்கும். சிசிலியில சுரங்கப்பாதைக்கா பஞ்சம்!

டி.ஏ.பி-யில ஒரு கெட்ட குணம் உண்டு. அதுல கரகரப்பே இல்ல. ஒண்ணு சுத்தமா கேக்கும், இல்லன்னா சுத்தமா போயிடும். கால்சா சந்துக்குள்ள, ரெண்டு பக்கமும் மூணடி கல்சுவரு, அங்க பாண்டா நுழைஞ்சதும் பாடிக்கிட்டு இருந்த அம்மா பாதி வார்த்தையில காணாம போனாங்க. அண்ணை ரேடியோவை ரெண்டு தட்டு தட்டினார். தட்டுனா சரியாப்போன காலம் போச்சு அண்ணை.

சரி, நெடுஞ்சாலைக்கு வந்துட்டோம். பலெர்மோவுலேர்ந்து மேற்க போற ஏ29. இந்தச் சாலையில ரேடியோ கேட்டுக்கிட்டு சும்மா போக முடியாது. கபாச்சி கிட்ட சிவப்பு நிறத் தூண் வரும். 1992 மே 23, நீதிபதி ஃபால்கோனே கார்ல வந்துக்கிட்டு இருந்தப்ப மாஃபியா சாலையையே வெடிச்ச இடம். அவர் கால்சாவுல பொறந்தவர். அதே வருஷம் ஜூலையில கொல்லப்பட்ட போர்செல்லினோவும் இதே கால்சாதான். மஜோனே புல்வெளியில சின்ன வயசுல ரெண்டு பேரும் பந்து ஆடினவங்கன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்வாங்க.

அதைத் தாண்டினா ஏர்போர்ட், சீனிசி, தெர்ராசினி. அப்புறம் பார்த்தினிகோ. இந்த ரெண்டு மூணு பெயர்ப்பலகைக்குள்ள இத்தாலிய ரேடியோ சரித்திரத்துல ஒரு பெரிய பங்கு அடங்கியிருக்கு.

முதல்ல பார்த்தினிகோ. தனிலோ தோல்ச்சின்னு ஒருத்தர். 1924-ல வடக்க, திரியெஸ்தே பக்கம் பொறந்தவர். 1952-ல சிசிலியோட மீனவ கிராமம் ஒண்ணுல வந்து குடியேறி, பட்டினிக் கொடுமையைப் பாத்து உண்ணாவிரதம் இருந்தவர். 'சிசிலியின் காந்தி'ன்னு அப்பவே பேரு. நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச கதை ஒண்ணு உண்டு. 1956-ல வேலை இல்லாதவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் தலைகீழ் வேலைநிறுத்தம் பண்ணினார். அதாவது வேலையை நிறுத்துறதுக்குப் பதிலா, கேட்பாரத்துக் கிடந்த ஒரு சாலையை யாரும் கேக்காமயே, கூலி இல்லாமயே செப்பனிட ஆரம்பிச்சாங்க. போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. சாலை போட்டதுக்குக் கைது!

1968 ஜனவரில பெலிச்சே பள்ளத்தாக்குல நிலநடுக்கம். ஜிபெல்லினா, மொந்தேவாகோ மாதிரி ஊரெல்லாம் தரைமட்டம். நூத்துக்கணக்குல சாவு, பல்லாயிரம் பேர் வீடில்லாம. ரெண்டு வருஷம் கழிச்சும் அவங்க தகரக் கொட்டகையிலதான். அரசாங்கம் வாக்குறுதியா கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. பத்திரிகை மறந்துடுச்சு. ரேடியோ? ரேடியோ அரசாங்கத்தோடது. ராய் நிறுவனத்தைத் தவிர வேற யாரும் ஒலிபரப்பக்கூடாது, அது குற்றம்.

1970 மார்ச் 25, சாயங்காலம். பார்த்தினிகோவுல தோல்ச்சியோட மையத்துக்குள்ள அவரோட தோழர்கள் ரெண்டு பேர், ஃபிராங்கோ அலாசியா, பினோ லொம்பார்தோ, கதவைப் பூட்டிக்கிட்டு ஒரு டிரான்ஸ்மிட்டரை முடுக்கினாங்க. எஃப்.எம்-லயும் சிற்றலையிலயும் எஸ்.ஓ.எஸ். போச்சு. கப்பல் மூழ்கும்போது அனுப்புற அதே அழைப்பு. அதோட பெலிச்சே மக்களோட நிலைமை. பேச்சுரிமை தர்ற அரசியலமைப்பு 21-ஆவது பிரிவுதான் அவங்க கையில இருந்த ஒரே லைசென்ஸ். 27 மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் போலீஸ் உள்ள புகுந்து மெஷினை எடுத்துட்டுப் போயிடுச்சு. முடிஞ்சது. இத்தாலியோட முதல் சுதந்திர ரேடியோவோட மொத்த ஆயுசு அதுதான்.

ஆனா கதவு ஒருதடவை திறந்தா திறந்ததுதான். அடுத்தடுத்து நிறைய பேர் இதே 'குற்றத்தை' பண்ணினாங்க. 1976 ஜூலையில அரசியலமைப்பு நீதிமன்றம் 202-ஆம் எண் தீர்ப்புல, உள்ளூர் அளவுல தனியார் ஒலிபரப்பலாம்னு சொல்லிடுச்சு. அவ்ளோதான், வீட்டு மொட்டைமாடியெல்லாம் ஏரியல். ஆயிரக்கணக்குல ஸ்டேஷன் முளைச்சது. பாட்டுக்கு, கட்சிக்கு, பாதிரியாருக்கு, காதலுக்கு.

அதுல ஒண்ணு ரேடியோ அவுத். 1977. சீனிசிக்காரர் பெப்பினோ இம்பஸ்தாத்தோவும் நண்பர்களும் தெர்ராசினியில ஆரம்பிச்சது. பெப்பினோவோட அப்பா மாஃபியா குடும்பத்து ஆளு. பிள்ளை என்னடான்னா ராத்திரி மைக் முன்னாடி உக்காந்து, சொந்த ஊருக்கு 'மாஃபியோபொலி'ன்னு பேர் வச்சு, மாஃபியா தலைவன் பதலமெந்தியைக் கேலி பண்ணி நாடகம் போடுறான். அந்த ஆளு வீடு இவங்க வீட்டுலேர்ந்து எட்டித் தொடுற தூரம்! நூறு அடி தூரம்னு அதை வச்சே 2000-ல ஒரு படமும் வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஊரே பயந்து வாயைத் திறக்காத பேரை பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா, நிக்குற கார் வழியா, ரேடியோ சிரிச்சுக்கிட்டே சொல்லுது. 1978 மே 9 அதிகாலை ரயில் தண்டவாளத்துல வெடி வச்சு அவரைக் கொன்னாங்க. அன்னிக்குன்னு பாத்து ரோம்ல முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவோட உடல் கிடைச்சது. நாடே அங்க திரும்பிடுச்சு. இவரைத் தீவிரவாதின்னும் தற்கொலைன்னும் எழுதி மூடப் பாத்தாங்க. அவங்க அம்மா, தம்பி, நண்பர்கள் விடல. பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2002 ஆச்சு. 24 வருஷம்.

இதை நான் கார்ல சொல்லிக்கிட்டே வர, அண்ணை ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "எங்கட ஊரில ரேடியோ எண்டா சண்டைக்க உயிர் மாதிரி தம்பி. கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தித்தான் கேப்பம். திருச்சி வடிவா இழுக்கும், உங்கட தூத்துக்குடியும்"ன்னார். தூத்துக்குடின்னதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. எங்க ஊர்ல அந்த மத்திய அலை டவர் இலங்கையைப் பாத்துத்தான் ஒலிபரப்பும். அது யாருக்குன்னு ஊர்ல இருக்கும்போது நான் யோசிச்சதே இல்ல. ஒரு முனையில நான் பொறந்திருக்கேன், இன்னொரு முனையில அண்ணை பெடலைச் சுத்தியிருக்கார்.

சரி, அண்ணை கேட்ட கேள்விக்கு வருவோம். அவரோட ஸ்டேஷன் ஏன் டிஜிட்டல்ல இல்ல?

1976-க்கு அப்புறம் இத்தாலியில அலைவரிசைக்குத் திட்டமே போடல. யார் எங்க புடிச்சாங்களோ அது அவங்களுக்கு. 1990 சட்டம் அப்ப ஓடிக்கிட்டு இருந்தவங்களுக்கே உரிமை கொடுத்து அப்படியே உறைய வச்சிடுச்சு. அதனால எஃப்.எம். பட்டை பூரா கூட்டம், ஒருத்தர் மேல ஒருத்தர். புதுசா ஒருத்தன் வரணும்னா இன்னொருத்தன்கிட்ட காசு கொடுத்து வாங்கணும். டிஜிட்டல் இதுக்கு மருந்துதான், மறுக்கல. ஒரு டிரான்ஸ்மிட்டர்ல பத்துப் பன்னண்டு ஸ்டேஷனுக்கு மேல போடலாம், மின்சாரமும் மிச்சம்.

ஆனா அங்கதான் விஷயமே. எஃப்.எம்-னா ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர். மொட்டைமாடியும் ஒரு ஏரியலும் இருந்தா நீ ரேடியோ. டிஜிட்டல்ல பத்துப் பேர் ஒரே பஸ்ஸுல ஏறணும். பஸ் யாருது? நாடு முழுக்கன்னா ராய், அப்புறம் பெரிய தனியார் ஸ்டேஷன்கள் சேர்ந்த கூட்டு நிறுவனங்கள். உள்ளூர்க்காரங்க அவங்களுக்குள்ள ஒரு கூட்டு நிறுவனம் அமைச்சு, அலைவரிசைக்கு விண்ணப்பம் போட்டு, வாடகையைப் பகிர்ந்துக்கணும். ஒழுங்குமுறை ஆணையம் 2022-லதான் புது அலைவரிசைத் திட்டத்தையே வெளியிட்டுச்சு. எஃப்.எம். வாடகையையும் டிஜிட்டல் வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டிய இடைக்காலத்துல ரெண்டு பேர் நடத்துற குட்டி ஸ்டேஷன் என்ன பண்ணும்? வெளிய நிக்கும். வெளிய நின்னா அண்ணையோட திரையில இல்ல.

பழைய காலத்துல இதுக்கு வழி இருந்துச்சு. ரேடியோ பிடிக்கலைன்னா கழட்டி வேற மாட்டலாம். எங்க வீட்டுக்கார அம்மா எண்பதுகள் கதை சொல்வாங்க. திருட்டுக்குப் பயந்து கார் ரேடியோவையே இழுப்பறை மாதிரி உருவி, கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டே ரெஸ்டாரண்டுக்குப் போவாங்களாம். மேசை மேல பீட்சா, பக்கத்துல அஞ்சாறு ரேடியோ! இப்ப அது டாஷ்போர்டுக்குள்ள திரையா ஒட்டிக்கிச்சு. திருடனாலயும் கழட்ட முடியாது, நம்மாலயும் முடியாது. எந்த ஸ்டேஷன் முதல்ல தெரியணும்கிறதும் கார் கம்பெனி எழுதின மென்பொருள் முடிவு பண்றதுதான்.

வேற நாடுகள்ல என்ன ஆச்சுன்னு வேகமா பாத்துடலாம். நார்வே 2017 ஜனவரியில வடக்க இருந்து ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள தேசிய ஸ்டேஷன்களோட எஃப்.எம்-ஐ நிறுத்திடுச்சு. உலகத்துலயே முதல் நாடு. ஆரம்பிச்சப்ப சுமார் 20 லட்சம் கார்ல டிஜிட்டலே இல்ல, ஜனங்க கத்துனாங்க. சின்ன உள்ளூர் ஸ்டேஷன்களை மட்டும் எஃப்.எம்-லயே விட்டு வச்சாங்க. சுவிட்சர்லாந்துல அரசு ஒலிபரப்பு 2024 டிசம்பர் 31-ஓட எஃப்.எம்-ஐ அணைச்சது. கேக்குறவங்க எண்ணிக்கை நல்லாவே விழுந்துச்சு. 2025-ல நாடாளுமன்றமே எஃப்.எம். தொடரட்டும்னு சொல்லிடுச்சு. இத்தாலி அணைக்கவே இல்ல. இங்க காரோட சராசரி வயசு 12 வருஷத்துக்கு மேல, தெற்க இன்னும் கூட. அணைச்சா பாதி சிசிலிக்குக் காதடைச்சுப் போயிடும்.

நம்ம ஊரு? நம்ம சரித்திரமும் மொட்டைமாடியிலதான் ஆரம்பம். 1924-ல கிருஷ்ணசாமி செட்டி முன்னின்னு நடத்துன மெட்ராஸ் ரேடியோ கிளப். ஆர்வலர்கள் சேர்ந்து ஒலிபரப்பினது. 1927-ல காசில்லாம படுத்துடுச்சு, மெஷின் மாநகராட்சி கைக்குப் போய் 1930-ல மறுபடி பாடிச்சு, 1938-ல அகில இந்திய வானொலி வந்துச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம்தான் எல்லாம். அலைவரிசை பொதுச்சொத்துன்னு நம்ம உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல. இத்தாலிக்கும் நமக்கும் 19 வருஷ இடைவெளி. தனியார் எஃப்.எம். வந்தப்பவும் சொந்தமா செய்தி சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டித்தான் விட்டாங்க. பெப்பினோ மாதிரி ஒருத்தன் சென்னை எஃப்.எம்-ல உக்காந்திருந்தா சினிமாப் பாட்டுக்கு நடுவுல மொக்கை ஜோக்கு சொல்லிட்டுப் போயிருப்பான்.

டிஜிட்டல்ல நம்ம கதை இத்தாலிக்கு நேர் தலைகீழ். ஆல் இந்தியா ரேடியோ டி.ஆர்.எம்-னு வேற தொழில்நுட்பத்தைப் பிடிச்சு, சென்னை உட்பட நாடு முழுக்க மத்திய அலை டவர்களை மாத்துச்சு. சட்டம் எதுவும் இல்லாமலே மாருதி, ஹூண்டாய்னு கம்பெனிகள் பல லட்சம் கார்ல ரிசீவரை வச்சும் கொடுத்துட்டாங்க. எங்க மாமா கார்லயும் இருக்கு. மூணு வருஷமா ஓட்டுறார். ஊருக்குப் போனப்ப நான் அமுக்கிக் காட்டினதுக்கு அப்புறம்தான் அவருக்கே தெரியும். 2025 அக்டோபர்ல டிராய், சென்னையும் சேர்த்து 13 பெரிய நகரங்கள்ல தனியார் ஸ்டேஷன்கள் டிஜிட்டலுக்கு வரலாம்னு பரிந்துரை கொடுத்திருக்கு. செய்தி சொல்லலாமாங்குறதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. எந்தத் தொழில்நுட்பம்ங்குறது ரெண்டாவது.

டிஜிட்டல்னாலே பெரிய ஆளுங்களுக்குத்தான்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் முழு உண்மை இல்ல. இங்கிலாந்துல ஆஃப்காம் அமைப்போட பொறியாளர் ரஷீத் முஸ்தஃபான்னு ஒருத்தர், 2012 வாக்குல பிரைட்டன்ல ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் இலவச மென்பொருளும் வச்சே ஒரு குட்டி டி.ஏ.பி. ஒலிபரப்பை ஓட்டிக் காட்டினார். லட்சக்கணக்குல செலவாகும்னு சொன்ன வேலை அது. 2015-ல பத்து ஊர்ல சோதனை பண்ணி, 2020-லேர்ந்து ஊர் ஊரா சின்ன அளவு டி.ஏ.பி-க்கு உரிமம் கொடுக்குறாங்க. அங்க பஸ்ஸே சின்னது, ஏறுறவங்களும் தெரு ஆளுங்க. அப்ப கருவியில கோளாறு இல்ல. யாருக்கு எவ்ளோ சின்ன உரிமம் கொடுக்கலாம்னு கவர்மெண்ட்டு போடுற கணக்குதான் எல்லாம்.

பார்த்தினிகோ போய்ச் சேர்ந்தோம். அண்ணை வேலையை முடிச்சார். திரும்பி வர்றப்ப கடலோரம் இருட்டிடுச்சு. சீனிசி தாண்டும்போது அண்ணை ஒண்ணும் சொல்லாம டிஜிட்டலை விட்டு எஃப்.எம்-க்கு மாத்தினார். மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு குரல் கரகரன்னு போயி வந்து போயி வந்துச்சு, கல்யாண வாழ்த்து வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவரோட ஸ்டேஷன்.

"பாரும், இவள் இன்னும் வேலைக்கு வாறாள்"ன்னார், அறிவிப்பாளரைப் பத்தி. பத்து வருஷப் பழக்கம் ஆச்சே.

கொசுறு: இத்தாலியில தொண்ணூறுகள் வரைக்கும் கார்ல ரேடியோ வச்சிருந்தா அதுக்குன்னு தனி வரி கட்டணும். வீட்டு வரி வேற, கார் வரி வேற. நம்ம ஊர்லயும் ரேடியோ லைசென்ஸ் இருந்துச்சு, தபால் ஆபீஸ்ல புதுப்பிக்கணும். உங்க வீட்டுப் பரண்ல அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகம் கிடைச்சா ஒரு படம் எடுத்து அனுப்புங்க மக்களே. அண்ணைக்குக் காட்டணும்.